ஆத்தூரிலிருந்து வந்த பெல்ட் வண்டி: ஓர் அறுவடைச் சேவையின் மதிப்புரை

சென்ற மாசி மாதத்தில், நீடாமங்கலத்துக்குத் தெற்கே எனக்குள்ள மூன்று ஏக்கர் சம்பா நெல்லை அறுப்பதற்காக, கடைத்தெருத் தேநீர்க்கடை வாசலையே அலுவலகமாக வைத்துக்கொண்டிருக்கும் முகவர் ஒருவர் வழியாகப் பெல்ட் வண்டி ஒன்றை வாடகைக்கு அமர்த்தினேன். அந்தச் சேவை எப்படி இருந்தது என்று அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சிலர் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. முகவர் ஒரு கைப்பேசியையும் ஒரு பழைய மொபெட்டையும் மட்டும் முதலாகக் கொண்டு தொழில் செய்பவர். வண்டியின் உரிமையாளரும் தனிமனிதரே. ஆகவே பெயர்களை விட்டுவிடுகிறேன். வண்டியைச் செய்த நிறுவனத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை; நடுவயலில் ஓர் உருளை பழுதானது செய்தவர் குற்றமா, பராமரித்தவர் குற்றமா என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்பதால், வண்டியை மட்டும் பார்க்காமல், அதற்குக் கொடுத்த பணம் எந்தெந்த ஊருக்குப் போகிறது என்பதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பழக்கதோஷம் இந்த மதிப்புரையில் நெடுகத் தெரியும்.

டெல்டாவுக்கு அறுவடைக்கு வரும் இயந்திரங்கள் இரண்டு வகை. காய்ந்த வயலுக்கு டயர் வண்டி. ஈரம் கோத்த வயலுக்குப் பெல்ட் வண்டி. டயர் வண்டிக்கு மணி வாடகை குறைவு, வேகமும் அதிகம். ஆனால் சேற்றில் இறங்கினால் சக்கரம் புதைந்து, அடுத்த போகம் வரை ஆறாத பள்ளங்களை விட்டுச் செல்லும். பெல்ட் வண்டி தன் எடையை நீண்ட பட்டையின் மீது பரப்பிக்கொள்வதால் சேற்றிலும் மிதந்தாற்போலப் போகும். மேட்டூர் அணையைச் சனவரி 28-ஆம் தேதி மூடுவது வழக்கம் என்றாலும், வெண்ணாற்றுப் பாசனத்தில் தாழ்ந்த பகுதியிலுள்ள எங்கள் களிமண் வயல் மாசி நடுவிலும் முழுதாகக் காயவில்லை. பயிரும் நீண்டகால ரகமான சிஆர் 1009, அதாவது எங்கள் பக்கத்துப் பேச்சில் பொன்மணி. எனவே பெல்ட் வண்டிதான் என்று முடிவாகி, மணிக்கு 2,500 ரூபாய் என்று பேசினோம்.

வியாழக்கிழமை காலையில் வண்டி வயலில் நிற்கும் என்று முகவர் சொன்னார். வெள்ளிக்கிழமை நண்பகலில்தான் வந்தது. கோட்டூர்ப் பக்கம் ஒரு வயலில் நேரம் இழுத்துவிட்டதாகக் காரணம் சொன்னார்கள். இந்தத் தாமதத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே வாரத்தில் ஒட்டுமொத்த வட்டாரமும் பழுத்து நிற்கும்போது, வரிசையில் ஒரு நாள் முன்பின் ஆவது இயல்பு. ஆனால் தாமதமாகும் என்பதை நானே நான்கு முறை தொலைபேசியில் அழைத்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவராக ஒரு முறை அழைத்துச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு நாள் அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

வண்டியை ஓட்டிய இளைஞர் சேலம் மாவட்டம் ஆத்தூருக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். வேலையில் நிதானம் உள்ளவர். வயலில் இறங்குவதற்கு முன் வரப்பு நெடுகிலும் ஒருமுறை நடந்து, எங்கே மதகு, எங்கே பள்ளம், மின்கம்பத்தின் இழுகம்பி எங்கே என்று பார்த்துக்கொண்டார். எல்லா ஓட்டுநர்களும் இதைச் செய்வதில்லை. அறுப்பு உயரம் சீராக இருந்தது; தொட்டியில் விழுந்த நெல்லில் தூசியும் தாளும் குறைவு. பின்னால் விழுந்த வைக்கோலைக் கையால் அள்ளி உதறிப் பார்த்தேன். ஒட்டியிருந்த மணிகள் மிகச் சில. சாய்ந்து கிடந்த வடகிழக்கு மூலையில் மட்டும் வேகத்தைக் குறைக்காமல் போனதால் கதிர்கள் நிலத்தோடு நசுங்கின, சொன்னபிறகு திருத்திக்கொண்டார். வரப்பு ஓரிடத்தில் உடைந்தது. மூலைகளை ஆள் வைத்து முன்கூட்டியே அறுத்துவைக்காதது என் தவறு. அதை அவர் மீது சுமத்த மாட்டேன்.

மாலை மூன்று மணிக்குள் இரண்டு ஏக்கர் முடிந்தது. அதன் பிறகு வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதையாயிற்று. பெல்ட்டைத் தாங்கும் அடியுருளை ஒன்றில் பேரிங் இறுகி, வண்டி ஒருபக்கமாக இழுக்கத் தொடங்கியது. ஓட்டுநர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்து, முதலில் செய்த வேலை ஆத்தூருக்குத் தொலைபேசியில் பேசியதுதான். பிறகு எங்களுடைய வற்புறுத்தலுக்காக மன்னார்குடியில் ஒரு லேத் பட்டறைக்கு அந்த உருளையைக் கழற்றி எடுத்துச் சென்றோம். பட்டறைக்காரர் கைதேர்ந்தவர்; தேய்ந்திருந்த அச்சைக் கடைந்து, புஷ் ஒன்றைப் புதிதாகச் செய்து, ஒரு மணி நேரத்தில் கொடுத்துவிட்டார். ஆனால் அந்த அளவில் பேரிங் அவரிடம் இல்லை. தஞ்சாவூரில் விசாரித்த இரண்டு கடைகளிலும் டிராக்டர்ச் சாமான்கள்தாம் இருந்தன. கடைசியில் உரிமையாளர் ஆத்தூரில் அதை வாங்கி, திருச்சிக்கு வரும் பேருந்தின் நடத்துநரிடம் பொட்டலமாகக் கொடுத்தனுப்ப, வண்டியின் உதவியாளர் இரவோடிரவாகத் திருச்சிக்குப் போய் வாங்கி வந்தார். மறுநாள் பதினொரு மணிக்குத்தான் எஞ்சிய ஒரு ஏக்கர் அறுபட்டது.

அந்த இரவு வயல் வரப்பில் உட்கார்ந்திருந்தபோது என் மனத்தில் ஓடியதை இங்கே எழுதுவது மதிப்புரைக்கு வெளியே போவதாகாது. ஏனெனில் எனக்கு நேர்ந்த இருபது மணி நேரத் தாமதத்தின் முழுக்காரணமும் அதில்தான் இருக்கிறது. மன்னார்குடியில் திறன் இருந்தது, சரக்கு இல்லை. ஏன் இல்லை? அந்தப் பேரிங்கை ஒரு கடைக்காரர் வாங்கி அலமாரியில் வைக்க வேண்டுமானால், ஆண்டு முழுவதும் அதைக் கேட்டு ஆட்கள் வந்துகொண்டிருக்க வேண்டும். இங்கே பெல்ட் வண்டிகள் நிற்பது குறுவைக்குச் சில வாரங்கள், சம்பா, தாளடிக்கு இரண்டு மாதங்கள். மீதி நாட்களில் அந்தக் கடைக்காரர் யாருக்கு விற்பார்? ஒரு பண்டமோ சேவையோ ஓர் ஊரில் நிலைத்து விற்கக் குறைந்தபட்சம் இவ்வளவு கிராக்கி வேண்டும் என்ற அளவை, 1933-இல் வால்ட்டர் கிறிஸ்ட்டாலர் என்ற ஜெர்மானியப் புவியியலாளர் தம் மைய இடக் கோட்பாட்டில் வகுத்துச் சொன்னார். அந்த அளவு எட்டாத ஊருக்குப் பண்டம் அலைந்து வரும். நம் வாரச்சந்தை வியாபாரி திங்கள் ஓர் ஊர், செவ்வாய் ஓர் ஊர் என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரிவதும் அதனால்தான். அறுவடை வண்டியும் அப்படிப்பட்ட சந்தை வியாபாரிதான். மூட்டையின் விலை மட்டும் முப்பது லட்சத்துக்குச் சற்றுக் குறைவு என்று ஓட்டுநர் சொன்னார்.

தை, மாசியில் எங்கள் பக்கம், பங்குனி, சித்திரையில் நெல்லூர்ப் பக்கம், இடையில் திருவண்ணாமலை, விழுப்புரம், புரட்டாசியில் குறுவைக்கு மீண்டும் இங்கே என்று அவருடைய ஆண்டு கழிகிறது. “வருசத்துல பத்து மாசம் வண்டி வெளியூர்லதாங்க ஐயா இருக்குது, வீட்டு வாசல்ல நின்னா வட்டி யாருங்க கட்டுறது?” என்றார். பயிர் ஊருக்கு ஊர் வெவ்வேறு மாதத்தில் பழுப்பதால்தான் இந்த முதலீடு பிழைக்கிறது. அப்படி அலைகிற வண்டிகள் பெரும்பாலும் ஆத்தூர், கள்ளக்குறிச்சி, பெரம்பலூர் பக்கத்திலிருந்து கிளம்புகின்றன. எதை அறுக்க வேண்டியிருக்கிறதோ அந்த நெல் ஏராளமாக விளைகிற தஞ்சாவூரிலிருந்தோ திருவாரூரிலிருந்தோ கிளம்புவது அரிது. ஆத்தூர்ப் பக்கத்தில் மரவள்ளி உண்டு, மக்காச்சோளம் உண்டு, ஜவ்வரிசி ஆலைகள் உண்டு, லாரிகள் உண்டு. ஒன்றுக்கு வேலை இல்லாத மாதத்தில் இன்னொன்று பழுதாகும். வெல்டர், லேத் பட்டறைக்காரர், பேரிங் கடைக்காரர் மூவருக்கும் பன்னிரண்டு மாதமும் சோறு உண்டு. திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் போவதற்கும், நாமக்கல்லில் லாரித் தொழில் நிலைத்ததற்கும் பின்னால் இதே கதைதான் இருக்கிறது. கோயம்புத்தூரில் பம்பு செட்டுத் தொழில் தழைத்தது, கிணற்றில் நீர் ஆழத்தில் இருந்ததால். எங்களுக்குக் கல்லணை இருந்தது, பிறகு 1934-இல் மேட்டூர் அணையும் வந்தது; தண்ணீர் தானாகவே வாய்க்காலில் ஓடி வந்த நாட்டில் அதை இறைக்க ஓர் இயந்திரம் வேண்டும் என்று யாருக்கும் வெகுகாலம் தோன்றவில்லை. வசதியே எங்களுக்கு வினையாயிற்று என்று சொன்னால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஆனாலும் சொல்கிறேன்.

வண்டியின் பக்கவாட்டுத் தகட்டில் அது பஞ்சாப் மாநிலத்தில் செய்யப்பட்டது என்று பொறித்திருந்தது. அதைப் பார்த்ததும் வகுப்பறையில் நான் ஆண்டுதோறும் சொல்லிவந்த ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. 1960-61-இல் ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியுடன் இந்திய அரசு தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தைத் தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுத்த மாவட்டங்கள் ஏழு. அவற்றுள் ஒன்று தஞ்சாவூர். இன்னொன்று பஞ்சாபின் லூதியானா. நல்ல விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கொடுப்பது திட்டம் என்பதால் எங்கள் பக்கத்தில் அதைப் ‘பேக்கேஜ் திட்டம்’ என்றே அழைத்தார்கள். இரண்டு மாவட்டங்களும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்கின. இன்று பஞ்சாபின் நாபாவிலும் பாத்சோனிலும் அறுவடை இயந்திரத் தொழிற்சாலைகள் நிற்கின்றன. நாங்கள் வரப்பில் நின்று அந்த இயந்திரத்தின் மணிக்கணக்கைக் குறித்துக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. லூதியானாவில் பசுமைப் புரட்சிக்கு முன்பே சைக்கிள், தையல் இயந்திரம், பின்னலாடை என்று சிறுதொழில்கள் வேரூன்றியிருந்தன. இரும்பை வளைக்கத் தெரிந்த கைகள் அங்கே ஏற்கெனவே இருந்தன. கோதுமை காய்ந்த வயலில் விளைவது; அதற்கு இயந்திரம் செய்வது எளிது. நிலத்தை ஒரே இடத்தில் திரட்டிக்கொண்ட உழவர்கள் தாங்களே பயிர் செய்தார்கள். லாபத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டார்கள், டீசல் எஞ்சின் வாங்கினார்கள், அதைப் பழுதுபார்க்கப் பட்டறை வந்தது, பட்டறை பிறகு தொழிற்சாலையாயிற்று. இங்கே நிலம் மிராசுதாரிடமும் மடத்திடமும் கோயிலிடமும் இருந்தது. உழுதவர் குத்தகைதாரர் அல்லது பண்ணையாள். உபரியும் இருந்தது, பணமும் இருந்தது. 1904-இலேயே கும்பகோணத்தில் ஒரு வங்கி தோன்றி, இன்று சிட்டி யூனியன் வங்கியாக நிற்கிறது என்றால், இது பணமில்லாத நாடல்ல. எங்கள் குடும்பத்தையே எடுத்துக்கொண்டால், என் பாட்டனார் காலத்து நெல்லுப்பணம் மேலும் நிலமாயிற்று, இரண்டு பிள்ளைகளின் சட்டப் படிப்பாயிற்று, மாம்பலத்தில் ஒரு வீடாயிற்று. பட்டறையாக மட்டும் ஆகவில்லை. அந்தப் படிப்பினால் பயனடைந்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதில் குறைசொல்லும் உரிமை எனக்குக் கொஞ்சம் குறைவுதான்.

டெல்டாவில் பட்டறையே இருந்ததில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கும், அடுத்த ஆண்டு திருச்சிக்கும் ரயில் ஓடியது. அந்த ரயில்வேயின் பெரிய பணிமனை நாகப்பட்டினத்தில்தான் இருந்தது. 1928-இல் அது திருச்சிக்குப் பக்கத்தில் பொன்மலைக்குப் போயிற்று. பணிமனையோடு தச்சரும் கொல்லரும் பிட்டரும் போனார்கள். பின்னாளில் 1965-இல் அதே திருச்சியில் பெல் எனப்படும் பாரத மிகுமின் நிறுவனத்தின் ஆலை வந்தபோது, அதற்குத் துணைப் பொருள்கள் செய்து கொடுக்கும் சிறு ஆலைகள் தஞ்சாவூர்ச் சாலை நெடுகிலும் துவாக்குடி வரை முளைத்தன. வளர்ச்சி கிழக்கே எங்களை நோக்கித்தான் நடந்து வந்தது. ஆனால் துவாக்குடியைத் தாண்டிய சில கிலோமீட்டரில் சாலையின் இருபுறமும் மீண்டும் வயல்தான். நரிமணத்தில் 1993-இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வந்ததும் உண்டு. மண்ணுக்கடியிலிருந்து எடுத்து, குழாயிலும் டேங்கர் லாரியிலும் ஏற்றி அனுப்பும் தொழிலுக்கு அக்கம்பக்கத்துப் பட்டறைகள் தேவைப்படவில்லை. ஒரு தொழில் தனக்கு முன்னும் பின்னும் எத்தனை தொழில்களை இழுத்து வருகிறது என்பதைத்தான் பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1958-இல் ‘பிணைப்பு’ என்று பெயரிட்டு விளக்கினார். பிணைப்பு இல்லாத ஆலை, ஊருக்குள் வந்த விருந்தாளியைப் போல, சாப்பிட்டுவிட்டுப் போய்விடும்.

இனி நான் கொடுத்த பணத்துக்கு வருகிறேன். இரண்டு நாளும் சேர்த்து மீட்டரில் ஓடியது நான்கு மணி நேரம். வாடகை 10,000 ரூபாய். பழுதான நேரத்தை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. இந்த நேர்மையைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். முகவரும் ஓட்டுநரும் பேச்சுவாக்கில் சொன்னவற்றை வைத்து அந்தப் பத்தாயிரத்தைப் பிரித்துப் பார்த்தேன். முகவருக்கு மணிக்கு 100 வீதம் 400 ரூபாய். ஓட்டுநருக்கும் உதவியாளருக்குமாக 1,000. டீசல் 28 லிட்டர், சுமார் 2,600. மீதி 6,000 ஆத்தூருக்குப் போய், அங்கிருந்து வண்டிக் கடனுக்கும் உதிரிப் பாகத்துக்குமாகப் பிரிகிறது. டீசல் பணத்தில் பெரும்பகுதி எண்ணெய் நிறுவனத்துக்கும் வரிக்கும். ஆக, முகவரின் 400 ரூபாய், மெஸ்ஸில் இருவர் சாப்பிட்ட சாப்பாடு, பெட்ரோல் பங்குக்காரரின் சிறு கழிவு ஆகியவைதாம் நீடாமங்கலத்தில் தங்கின. ஆயிரம் ரூபாயைத் தாண்டாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடைசி ஏக்கர் மறுநாள் பனி ஈரத்தோடு அறுபட்டதால் நெல்லில் ஈரப்பதம் கூடிவிட்டது. அரசு கொள்முதலுக்கு 17 சதவீதம்தான் பொதுவான வரம்பு என்பதால், களத்தில் கொட்டிக் காயவைக்க எங்கள் தெருப் பெண்கள் இருவரை இரண்டு நாள் கூலிக்கு வைத்தேன். 1,200 ரூபாய் ஆயிற்று. இந்த அறுவடையில் எங்கள் ஊரில் தங்கிய மிகப் பெரிய தொகை, வண்டி பழுதானதால் வந்த அந்தக் கூலிதான். வண்டி ஒழுங்காக ஓடியிருந்தால் அதுவும் இருந்திராது.

வைக்கோலும் ஊரில் நிற்கவில்லை. அறுத்த மூன்றாம் நாள் கட்டு கட்டும் இயந்திரம் வந்து உருளை உருளையாகச் சுருட்டியது. ஏக்கருக்கு 1,000 ரூபாய் கொடுத்துவிட்டு லாரியில் ஏற்றி நாமக்கல் பக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் தெருவில் இருபது வீட்டுக்கு மாடு இருந்த காலத்தில் வைக்கோற்போர் கொல்லையில் நின்றது. இப்போது மாடு அங்கே இருக்கிறது, பால் அங்கே கறக்கிறது, தீனி மட்டும் இங்கிருந்து போகிறது. நெல்லும் அப்படியே. நீடாமங்கலம் ரயில் கேட்டில் காத்துக் கிடந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அரவைக்காக வெளிமாவட்டங்களுக்கு நெல் ஏற்றிச் செல்லும் சரக்கு ரயில் முன்னும் பின்னும் நகரும் வரை கேட்டுக்கு இருபுறமும் பேருந்துகள் நிற்கின்றன. பொது ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்ற அந்த ஆண்டின் கொள்முதல் விலை எனக்குக் கிடைத்தது. மூன்று ஏக்கரில் 54 குவிண்டால், 1,35,000 ரூபாய். அது நல்ல தொகைதான். ஆனால் அதன் பிறகு அந்த நெல்லின் மீது நடக்கும் அரவை, தவிடு, தவிட்டெண்ணெய், உமி என்று ஒவ்வொன்றிலும் பிறக்கும் வேலை, நெல் போகிற ஊரில் பிறக்கிறது.

கையால் அறுத்திருந்தால் பணம் ஊரில் தங்கியிருக்குமே என்று கேட்கலாம். தங்கியிருக்கும், அறுக்க ஆள் இருந்திருந்தால். எங்கள் தெருப் பிள்ளைகள் திருப்பூரில் பனியன் கம்பெனியிலும், கோவையில் பவுண்டரியிலும், சென்னையில் உணவு விநியோகத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் மாதந்தோறும் அனுப்பும் பணத்தில்தான் இங்கே கூரைகள் காரை வீடாகின்றன. அதை மறந்து புலம்புவது சரியல்ல. ஸ்வீடன் நாட்டுப் பொருளாதார அறிஞர் குன்னார் மிர்டால் 1957-இல் இந்த இரண்டு ஓட்டங்களுக்கும் பெயர் வைத்தார். வளர்ந்த வட்டாரம் அக்கம்பக்கத்திலிருந்து ஆளையும் பணத்தையும் உறிஞ்சுவது ஒன்று. அதே வட்டாரம் சரக்குக்கும் தொழில்நுட்பத்துக்கும் கிராக்கி உண்டாக்கி வெளியே பரப்புவது மற்றொன்று. எது மிஞ்சும் என்பதை விதி தீர்மானிப்பதில்லை, தானாக விட்டால் பெரும்பாலும் உறிஞ்சுவதே மிஞ்சும் என்பது அவருடைய கருத்து. என் வயலில் அந்த வெள்ளிக்கிழமை இரண்டும் ஒரே வண்டியில் வந்து இறங்கின. மூன்று ஏக்கரை நான்கு மணி நேரத்தில் அறுத்துக் கொடுத்த தொழில்நுட்பம் பரவல். ஆத்தூருக்குத் திரும்பிப் போன 6,000 ரூபாய் உறிஞ்சல்.

அறுவடைக்கு வெளியூர் ஆள் வருவது என்பது இதே கீழத்தஞ்சையில் ஒரு காலத்தில் உயிர்போகிற பிரச்சினையாக இருந்தது. கூலி நெல்லை உயர்த்திக் கேட்டதிலும், வெளியூர் ஆட்களைக் கொண்டு அறுப்பதிலும் முற்றிய பகை, 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு கீழவெண்மணியில் எரிந்த குடிசையில் போய் முடிந்தது. இன்று வெளியூர் இயந்திரம் வரும்போது ஊர் அதற்கு வழிவிட்டு நிற்கிறது. வரப்பில் என்னோடு நின்று வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்த முதியவர் இளமையில் கருக்கரிவாள் பிடித்தவர். அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைக் காட்டி, டெல்டாவில் இனி தொழிலே வராது என்று சிலர் பேசுகிறார்கள். அந்தச் சட்டம் தடுப்பது உருக்காலை, தோல் பதனிடும் ஆலை, புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறு போன்றவற்றை. லேத் பட்டறையையும் பேரிங் கடையையும் அரவை ஆலையையும் அது தடுக்கவில்லை. மன்னார்குடிப் பட்டறைக்காரர் அறுவடை வண்டிக்கான உதிரிப் பாகங்களை வைத்திருக்க வேண்டுமானால், அவருக்குப் பங்குனியிலும் ஆனியிலும் வேலை வேண்டும். சம்பாவுக்குப் பிறகு விதைக்கும் உளுந்துக்கும் கோடைப் பருத்திக்கும் பொருந்தும் இயந்திரங்கள் வந்தால் அந்த மாதங்கள் நிரம்பும். ஐந்தாறு உழவர்கள் சேர்ந்து ஒரு வண்டி வாங்கி, டெல்டாவில் வேலை முடிந்ததும் அதை நெல்லூருக்கு ஓட்டிப் போனால் வாடகையின் ஓட்டம் திசைமாறும். ஆத்தூர்க்காரர் செய்வது அதுதானே. எங்கள் பக்கத்தில் வண்டி வாங்கிய சிலர் அதை உள்ளூரில் மட்டும் ஓட்டிவிட்டு, மற்ற மாதங்களில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்து, கடன் தவணையில் சிக்கிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். வண்டி இருந்தும் ஊரை விட்டு அலையும் துணிச்சல் எங்களுக்குக் குறைவு.

இந்தச் சேவையை அமர்த்த நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். அறுப்புக்குப் பத்து நாளைக்கு முன்பே வயலில் நீரை வடித்துவிடுங்கள். காய்ந்த வயலென்றால் டயர் வண்டியே போதும், வாடகை குறையும். வண்டி இறங்கும்போது மீட்டரைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வயலில் திரும்பிய நேரம் உங்கள் கணக்கில் ஏறாமல் இருக்கும். வழி விடும் பக்கத்து வயல்காரரிடம் முன்பே பேசி, அவரும் அதே நாளில் அறுக்கும்படி ஏற்பாடு செய்தால் வண்டி வரப்பு வரப்பாக அலைவது மிச்சம். மூலைகளைக் கையால் அறுத்துவையுங்கள்.

வேலையின் தரத்துக்கும் கணக்கில் காட்டிய நேர்மைக்கும் ஐந்துக்கு நான்கு தருவேன். தாமதத்தைத் தாமாக அழைத்துச் சொல்லாததற்கும், எளிதில் தேயக்கூடிய பாகத்தைக் கையிருப்பில் கொண்டுவராததற்கும் அரை மதிப்பெண் குறைத்து மூன்றரை என்று வைக்கிறேன். குறுவைக்கும் இதே வண்டியைத்தான் சொல்லியிருக்கிறேன். முகவர் போன வாரம் அழைத்தபோது வண்டி நெல்லூர்ப் பக்கம் ஓடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். புரட்டாசியில் வரும்போது அடியுருளைக்கான பேரிங் நான்கு கூடுதலாக எடுத்து வரச் சொன்னேன். இரண்டை மன்னார்குடிப் பட்டறையில் கொடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன், விலையை நான் தருகிறேன் என்று.